துறைக்கு ஓடினோம்

எங்கள் டெர்னோ தீவில் கைக்குழந்தைகளைப் பகலில் வெளியேதான் தூங்க வைப்போம். இதைக் கேட்டு வாயைப் பிளப்பவர்கள் பிளந்துகொள்ளட்டும். நான் அப்படித் தூங்கி வளர்ந்தவள்தான். என் புருஷன் டோர்கிலும் அப்படித்தான், அவன் அக்கா போடிலும் அப்படித்தான், அவள் பெற்ற மூன்றும் அப்படித்தான். கம்பளிச் சட்டை, கம்பளித் தொப்பி, வாத்து இறகு அடைத்த போர்வை, மேலே மடக்குக் கூரை வைத்த தள்ளுவண்டி. குளிர் எவ்வளவு இருந்தாலும் பரவாயில்லை, காற்று மட்டும் அடிக்கக் கூடாது. வீட்டுக்குள் அடைத்து வைத்த பிள்ளைதான் மூக்கு ஒழுகிக் கிடக்கும்.

அந்தப் பிப்ரவரி காலையிலும் என் ஏழு மாதப் பெண் ரிக்கெக்குப் பால் கொடுத்து, ஏப்பம் விட வைத்து, வண்டியில் படுக்க வைத்து, இடுப்பு வாரை மாட்டி வெளியே விட்டேன். எங்கே விட்டேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் கொல்லைப்புறம், தொழுவத்துச் சுவரோரம்தான் வண்டி நிற்கும். சமையலறை ஜன்னலிலிருந்து கை நீட்டினால் தொடலாம். பாலம் வந்ததும் அந்த இடம் கெட்டுப்போயிற்று. வடக்கே சீலாந்து என்ற பெரிய தீவிலிருந்து ஒரு பாலம் வருகிறது, தெற்கே ஃபால்ஸ்டர் தீவுக்கு ஒரு பாலம் போகிறது. இரண்டையும் சேர்க்க எங்கள் பார்லி வயலை இரண்டாகப் பிளந்து மண்ணைக் குவித்து, மேட்டின் மேல் நெடுஞ்சாலை போட்டுவிட்டார்கள். கடற்காற்று அந்த மேட்டில் முட்டித் திரும்பி எங்கள் கொல்லையில் சுழன்றடிக்கிறது. இப்போது அங்கே துணி காயப்போட்டால் போடில் வீட்டு வேலியில் போய்ப் பொறுக்க வேண்டும். அதனால் வண்டியை வாசல் பக்கச் சுவருக்கு மாற்றினேன். நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி வரும் கிளைச்சாலை முடிவது அதற்கு நேர் எதிரே.

பாலத்தை நான் திட்டியதில்லை. பல்வலியோடு படகுக்காக அரைநாள் காத்துக் கிடந்தவள் நான். கோடையில் பாலம் திறந்த அன்று புதுச் செருப்பு போட்டுக்கொண்டு முதல் ஆளாக நடந்தேன், குதிகால் புண்ணானதுதான் மிச்சம். டோர்கிலுக்குத்தான் கஷ்டம். ஆறு கார் ஏற்றும் எங்கள் படகை ஓட்டியவன் அவன். படகை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள், அவனுக்குப் பாலத்தில் பனி உறையாமலிருக்க உப்புத் தூவும் லாரியைக் கொடுத்தார்கள். படகில் ஏறும் ஒவ்வொரு காருக்குள்ளும் குனிந்து பார்த்து வணக்கம் சொல்லிப் பழகியவன், இப்போது பாலத்தில் பறக்கிற கார்களுக்கெல்லாம் கையை ஆட்டிக்கொண்டிருக்கிறான். "என்ன டோர்கில், தேர்தல்ல நிக்கிறியா?" என்று பன்றி வளர்க்கும் ஆஸ்கெர் கேட்காத நாளில்லை.

சாம்பல் புதனுக்கு முந்தின ஞாயிறு எங்களுக்குப் பன் தின்னும் திருநாள், அதற்காகச் சுட்டுக்கொண்டிருந்தேன். மாவு பிசையும் இயந்திரம் கடமுடவென்று ஓடியது. ரேடியோவில் பாட்டு, கூடவே நானும் பாடினேன். நடுநடுவே நடைக்குப் போய்ச் சின்ன ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அங்கிருந்து வண்டியின் கூரை மட்டும் தெரியும். எங்களுக்கு அது போதும். பிள்ளை விழித்துக்கொண்டால் உதைக்கும், வண்டி ஆடும். ஆடாமல் நின்றால் தூங்குகிறது என்று அர்த்தம். முதல் தடவை பார்த்தேன், வண்டி அசையவில்லை. இரண்டாம் தடவையும் அசையவில்லை. இன்றைக்கு என் செல்லம் என்னமாய்த் தூங்குகிறது என்று மகிழ்ந்துபோய் இன்னொரு தட்டு பன்னை அடுப்பில் ஏற்றினேன்.

மார்பு கனக்கத் தொடங்கிய பிறகுதான் நேரம் உறைத்தது. பசி வேளை தாண்டியும் எழவில்லையே என்று சமையலறைக் கதவு வழியாக வெளியே வந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு போய், சிரித்த முகத்தோடு கூரைக்குள் குனிந்தேன்.

உள்ளே ஒன்றுமில்லை. பிள்ளையும் இல்லை, போர்வையும் இல்லை. இடுப்பு வாரின் கொக்கியைக் கழற்றி, இரண்டு முனையையும் இரண்டு பக்கமும் ஒழுங்காக எடுத்து வைத்திருந்தார்கள். அந்த ஒழுங்கைப் பார்த்ததும் யாரோ நிதானமாகத் தூக்கியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது. மெத்தையில் கை வைத்தேன். ஜில்லென்றிருந்தது. அப்படியென்றால் நான் ஜன்னலில் பார்த்துப் பூரித்ததெல்லாம் வெறும் வண்டியையா? எப்போதிலிருந்து?

நான் என்னவென்று கத்தினேனோ தெரியாது. போடில் அடுத்த வீட்டிலிருந்து கையில் உருளைக்கிழங்குக் கத்தியோடு ஓடி வந்தாள்.

"என்னடி விபெகெ? சுட்டுக்கிட்டியா?"

"ரிக்கெ... ரிக்கெ இல்ல."

"இல்லன்னா? உள்ள தூக்கிட்டுப் போனியா?"

"நான் தூக்கல. நீ தூக்கினியா? வெளையாடாத போடில், நீதான் தூக்கினேன்னு சொல்லு!"

அவள் வண்டிக்குள் பார்த்தாள். கத்தியைக் கீழே போட்டாள். பிறகு படகுத் துறையைப் பார்த்து ஓடினாள். நானும் அவள் பின்னால் ஓடினேன்.

எங்கள் தீவில் எது காணாமல் போனாலும் ஒரே வைத்தியம்தான். துறையிலுள்ள மணியை அடிப்போம், படகை நிறுத்துவோம். ஆஸ்கெரின் சினைப் பன்றியை எவனோ திருடியபோது அப்படித்தான் பிடித்தோம். ஆஸ்கெரின் மகள் மீன்காரப் பையனோடு ஓடப் பார்த்தபோதும் அப்படித்தான் பிடித்தோம். படகு நின்றால் தீவே பூட்டிக்கொண்ட மாதிரி. மணிச் சத்தம் கேட்டால் யாரும் எதற்கென்று கேட்கமாட்டார்கள், முதலில் துறைக்கு ஓடி வருவார்கள், விசாரணை அப்புறம்.

போடில் மணியை அடித்த அடியில் பதினோரு வீட்டுச் சனமும் வந்துவிட்டது. ஆஸ்கெர் பன்றிக் கொட்டகை பூட்ஸோடு வந்தான், கையில் கடப்பாறை. இரண்டு பேர் இறங்குதுறையின் குறுக்கே கை கோத்து நின்றார்கள். யாரோ ஒருத்தி என் தோளில் கோட்டைப் போர்த்தினாள்.

"விபெகெ பிள்ளைய எவனோ தூக்கிட்டான்!" என்று போடில் கத்தினாள்.

"பயப்படாத தாயி, இனிமே ஒருத்தன் இங்கேருந்து நகர முடியாது," என்றான் ஆஸ்கெர். "படகு இன்னும் வரல. நல்ல காலம்."

எனக்கும் மூச்சு வந்தது. ஆமாம், படகு வரவில்லை, நல்ல காலம் என்றுதான் நானும் நினைத்தேன். எல்லோரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். துறையின் கல்லில் பனிக்கட்டி ஏறியிருந்தது. படகு கட்டும் வளையங்களில் கயிறு இல்லை. கடற்காகம் ஒன்று எங்களைப் பார்த்துவிட்டு எழுந்து போயிற்று. எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ, போடில்தான் மெதுவாகக் கேட்டாள்.

"எந்தப் படகு, ஆஸ்கெர்?"

ஆஸ்கெர் கடப்பாறையைக் கீழே இறக்கினான். அப்புறம் ஒவ்வொருவராகத் திரும்பினோம். எங்கள் முதுகுக்குப் பின்னால், தீவின் அந்தக் கோடியில், மேட்டின் மேல் லாரிகள் வடக்கே போய்க்கொண்டிருந்தன, லாரிகள் தெற்கே போய்க்கொண்டிருந்தன, இடையிடையே கார்கள். ஒன்றுகூட வேகத்தைக் குறைக்கவில்லை. நாங்கள் கடலுக்குக் காவல் நின்றுகொண்டிருந்தோம்.

நான் உட்கார்ந்துவிட்டேன். கல்லின் குளிர்கூட உறைக்கவில்லை. இத்தனை பேரில் ஒருத்தருக்கும் பாலம் நினைவுக்கு வரவில்லை. தினம் ராத்திரி அதன் இரைச்சலில் தூங்கிக்கொண்டு, தினம் அதைத் திட்டிக்கொண்டு இருப்பவர்கள்தான் நாங்கள்.

வீட்டுக்கு ஓடி வந்து போலீசுக்குப் போன் செய்தோம். எங்கள் தீவு வடக்குக் கரை நகரத்தோடு சேர்ந்தது. அங்கே பேசியவன் இளம் வயசுக்காரன் போலிருந்தது.

"என்ன காருங்க?"

"தெரியலைங்க."

"சரி, எந்தப் பக்கம் போச்சு?"

"அதுவும் தெரியல."

"காலைலேருந்து உங்க தீவுக்கு யார் யார் வந்தாங்க?"

எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று வந்தது. "முன்ன மாதிரி இருந்தா சொல்லிருப்பேங்க. படகு இருந்தப்ப வந்து கேட்டிருக்கணும். வந்தவன் தும்மினானான்னுகூட எம் புருஷன் சொல்லிருப்பான். இப்ப நூறு வருது, ஐந்நூறு வருது, நான் எதப் பாப்பேன்?"

"அம்மா, அழாதீங்க. வடக்குப் பக்கம் எல்லாக் காரையும் பாக்கச் சொல்றேன்." அவன் போனை வைத்துவிட்டான். தெற்குப் பக்கம் யார் பார்ப்பார்கள் என்று அவனிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ஆஸ்கெர் வாசலில் குந்தி உட்கார்ந்து பனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மெல்லிய பனிதான், ஆனால் தடம் பதிந்திருந்தது. கிளைச்சாலை ஓரத்தில் டயர் தடம். அங்கிருந்து இரண்டு ஜோடிக் காலடிகள். ஒன்று பெரிய பூட்ஸ், இன்னொன்று குதிகால் வைத்த பெண் செருப்பு. இரண்டும் தள்ளுவண்டிக்கு வந்து, வண்டியிலிருந்து எங்கள் முன்கதவுக்குப் போய், அங்கே மிதிபட்டுக் குழம்பி, மறுபடி வண்டிக்குத் திரும்பியிருந்தன.

"முன்கதவுக்குப் போயிருக்கானுங்க," என்றான் ஆஸ்கெர்.

எங்கள் ஊரில் முன்கதவை யாரும் தட்டமாட்டார்கள். அது கல்யாணப் பெண்ணுக்கும் சவப்பெட்டிக்கும்தான் திறக்கும். மற்ற நாளில் போதகர்கூட சமையலறை வழியாகத்தான் வருவார். எங்கள் கதவுக்குப் பின்னால் அப்போது ஐந்தாறு உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கியிருந்தது.

"எதுக்கு அங்க போனாங்க?" என்றேன்.

"வேற எதுக்கு? வீட்ல ஆள் இருக்கான்னு தட்டிப் பாத்திருக்கானுங்க. சத்தம் இல்லன்னதும்..."

"வாய மூடுறியா ஆஸ்கெர்?" என்று போடில் சீறினாள். "அவ மூஞ்சியப் பாரு."

அவன் வாயை மூடிக்கொண்டான். ஆனால் அவன் சொல்லாமல் விட்டது என் தலைக்குள் புகுந்துவிட்டது. தட்டியிருக்கிறார்கள். கதவுக்கு அந்தப் பக்கம், மூட்டைக்கு அந்தப் பக்கம், சுவருக்கு அந்தப் பக்கம் நான் மாவு இயந்திரத்தோடு போட்டி போட்டுப் பாடிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தச் செருப்புக்காரி என் பாட்டைக்கூடக் கேட்டிருப்பாளோ? சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. பால் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. எங்கோ ஒரு காரில் என் பிள்ளை பசியில் அழுதுகொண்டிருக்கும், அந்த அழுகையை நிறுத்த அவர்கள் என்ன செய்வார்கள்? என்ன வேண்டுமானாலும் செய்வார்களே. மேலே நினைக்க முடியவில்லை, நினைக்காமலும் இருக்க முடியவில்லை. சுவரில் தலையை இடித்துக்கொண்டேன். போடில் தன் உள்ளங்கையைச் சுவருக்கும் என் நெற்றிக்கும் நடுவே வைத்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் கிளைச்சாலையில் உப்பு லாரி இறங்கியது. டோர்கில் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறான். கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஜன்னலைத் திறந்து சிரித்தான்.

"என்ன, எல்லாரும் பன்னுக்கு வந்துட்டீங்களா? எனக்கு ரெண்டாச்சும் வைங்கடா!"

கூட்டம் எனக்கு வழி விட்டது. நான்தான் போய் லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "ரிக்கெய யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்க, டோர்கில்."

அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது, கண் மட்டும் மாறிற்று. என்னைத் தாண்டி வண்டியைப் பார்த்தான்.

"பிள்ளைக்கு என்ன தொப்பி போட்டிருந்த?"

"சிவப்பு. போடில் பின்னினது."

அவன் பாலத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"பச்சைக் காரு," என்றான். "ஜெர்மன் நம்பரு. பின் சீட்ல ஒரு அம்மா, மடில கொழந்த. என்னைத் தாண்டிப் போச்சு. நான் கைய ஆட்டினேன், விபெகெ. சிவப்புத் தொப்பி. அழகா இருக்கேன்னு கைய ஆட்டினேன்."

"எந்தப் பக்கம்? எந்தப் பக்கம்னு சொல்லு!"

"தெக்க."

தெற்கே என்றால் ஃபால்ஸ்டர். ஃபால்ஸ்டரின் கோடியில் ஜெர்மனிக்குப் போகும் பெரிய கப்பல். நான் லாரியில் ஏறியது நினைவில்லை. டோர்கில் ஜன்னல் வழியாகக் கத்தினான். "ஆஸ்கெர், கப்பல் துறைக்குப் போன் போடு! பச்சைக் கார ஏத்தாதேன்னு சொல்லு! ஏத்தியிருந்தா கப்பல விடாதேன்னு சொல்லு!"

உப்பு லாரி ஓடுவதற்குப் பிறந்ததல்ல. பாலத்தின் மேல் அது முக்கி முனகிக்கொண்டு போயிற்று. பின்னால் உப்பைத் தூவும் சக்கரத்தை நிறுத்தக்கூட டோர்கிலுக்குத் தோன்றவில்லை, சிதறிய உப்பு பின்னால் வந்த கார்களின் கண்ணாடியில் அடிக்க, அவர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். இரண்டு பக்கமும் கீழே கறுப்புத் தண்ணீர். நான் தண்ணீரைப் பார்த்தேன். ஒவ்வொரு தூணுக்குக் கீழேயும் சிவப்பாக ஏதாவது மிதக்கிறதா என்று பார்த்தேன். ஒரு தாய் பார்க்கக் கூடாத இடமெல்லாம் பார்த்தேன்.

"அவங்க மூஞ்சி எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"மூஞ்சியா?"

"நீ எல்லாக் காருக்குள்ளயும் பாப்பியே. கெட்டவங்க மாதிரி இருந்தாங்களா?"

"காரு வேகமாப் போச்சு. படகுல நிக்கிற காரா அது, குனிஞ்சு பாக்க?" என்றான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கக் கை எடுக்கவில்லை.

தெற்குக் கரையின் நகரம் சாலையோரமே இருக்கிறது. அங்கே நிற்க எங்களுக்கு எண்ணமே இல்லை, நேரே கப்பல் துறைக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம். திடீரென்று டோர்கில் பிரேக்கை மிதித்தான். லாரி வழுக்கிக்கொண்டு போய் நடைபாதையில் ஏறி நின்றது. போலீஸ் நிலையத்தின் வாசலில் ஒரு பச்சைக் கார்.

"அதா?"

"அதேதான்."

உள்ளே எப்படிப் போனேனோ. கதவைத் தள்ளியதும் முதலில் தெரிந்தது சிவப்புத் தொப்பிதான். ஒரு நாற்காலியில் நரைத்த முடியுள்ள ஜெர்மன்காரி உட்கார்ந்திருந்தாள், மடியில் ரிக்கெ. கையில் ஒரு பால் புட்டி. பக்கத்தில் அவள் புருஷன், தன் கோட்டைக் கழற்றிப் பிள்ளையின் காலில் சுற்றியிருந்தான். ரிக்கெ அழவில்லை. அந்தக் கிழவியின் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"குடு!" என்று பாய்ந்தேன்.

அந்தப் பெண் பிள்ளையை இறுக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டினாள். என்னைப் பார்த்து ஜெர்மன் மொழியில் என்னவோ கத்தினாள். எனக்கு அவளை அறையத்தான் கை எழுந்தது, டோர்கில் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டான். மேசைக்குப் பின்னாலிருந்த போலீஸ்காரர், தொந்தி வைத்த மனிதர், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நடுவில் வந்தார்.

"அம்மா, அம்மா, பொறுங்க. நீங்கதான் பெத்தவங்களா? நல்லதாப் போச்சு. இந்த அம்மா பேரு இர்ம்கார்ட். கொழந்தைய யாரோ நெடுஞ்சாலை ஓரத்துல போட்டுட்டுப் போயிட்டாங்கன்னு தூக்கிட்டு வந்திருக்காங்க. நானும் சொல்லிப் பாத்தேன், எங்க ஊர்ல பிள்ளைங்க வெளியதான் தூங்கும்னு. நம்ப மாட்டேங்குறாங்க!" அவர் சிரித்தார். தொந்தி குலுங்கியது. "என்னையே பைத்தியம்னுட்டாங்க!"

இர்ம்கார்ட் சிரிக்கவில்லை. அவள் பேசப் பேச, படகில் கற்ற ஜெர்மன் மொழியை வைத்து டோர்கில் எனக்குச் சொன்னான். "காபி குடிக்கக் கார ஓரமா நிறுத்தினாங்களாம். பிள்ளை முனகற சத்தம் கேட்டுச்சாம். கன்னத்தத் தொட்டா ஐஸா இருந்துச்சாம். கதவ ரொம்ப நேரம் தட்டினாங்களாம். உள்ள ரேடியோ கேக்குது, ஆள் வரலயாம். குடிச்சுட்டு விழுந்து கிடக்காங்கன்னு நெனச்சாங்களாம்."

"அந்தக் கதவ நாங்க தொறக்கறதே இல்லன்னு சொல்லு!" என்றேன்.

டோர்கில் சொன்னான். அவள் என்னை உற்றுப் பார்த்தாள். சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதிலேயே எப்படி விழுந்தது என்று எனக்குப் புரிந்தது. திறக்காத கதவுள்ள வீடு, வாசலில் பனியில் ஒரு குழந்தை, பக்கத்திலேயே நெடுஞ்சாலை. அவள் இப்போது கத்தவில்லை. மெதுவாக ஒரு கேள்வி கேட்டாள்.

"என்ன கேக்குறா?"

"அப்ப நான் என்ன பண்ணியிருக்கணும்னு கேக்குறா."

நான் இரண்டு கையையும் நீட்டினேன். கிட்டே வந்து பிள்ளையை அவளே என் கையில் வைத்தாள். வைக்கும்போது என் நனைந்த சட்டையைப் பார்த்தாள், அவள் முகம் கோணிக்கொண்டது, அவளும் அழுதாள். நான் அங்கேயே உட்கார்ந்து பால் கொடுத்தேன். ரிக்கெ இரண்டு வாய் குடித்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அவர்கள் கொடுத்த பாலே வயிறு நிறைய இருந்தது.

சாயந்திரம் எங்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார இடமில்லை. காபி ஓடிக்கொண்டே இருந்தது. அடுப்பிலேயே கருகிப்போன பன்னைத் தூக்கி எறிந்துவிட்டுப் போடில் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்தாள். பிள்ளை ஒரு மடியிலிருந்து அடுத்த மடிக்குப் போய்க்கொண்டிருந்தது, ஒவ்வொருத்தியும் முத்தம் கொடுத்துக் கன்னத்தைச் சிவக்க வைத்தாள். பயம் போன பிறகு வருமே ஒரு சிரிப்பு, அதுதான் எல்லோருக்கும்.

"ஜெர்மன்காரிக்கு நம்ம கோழிங்க வெளிய நிக்கிறது கண்ணுல படலியா? அதையும் தூக்கிட்டுப் போயிருப்பா!" என்றாள் போடில்.

"எம் பொண்டாட்டிய ஒரு நாள் வாசல்ல ஒக்கார வெச்சுப் பாக்குறேன்," என்றான் ஆஸ்கெர். "எவனாச்சும் பரிதாபப்பட்டுத் தூக்கிட்டுப் போறானான்னு."

அவன் பொண்டாட்டி அவனைக் கரண்டியால் அடித்தாள். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். டோர்கில் மட்டும் சிரிக்கவில்லை. காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா நீ, பிள்ளைதான் வந்துருச்சே," என்றாள் அவன் அக்கா.

"அவங்க நல்லவங்க," என்றான் டோர்கில்.

"அதான் சொல்றோம். நல்லவங்கதான், கொஞ்சம் கிறுக்கு."

"இல்லக்கா. நல்லவங்க, கதவத் தட்டினாங்க, நேரா போலீசுக்குப் போனாங்க. அப்படிப்பட்டவங்க தூக்கிட்டுப் போயே நமக்கு அவ்வளவு நேரம் தெரியல. நான் கைய ஆட்டி வழியனுப்பி வெச்சேன். நீங்க எல்லாரும் துறைல நின்னீங்க." கோப்பையைக் கீழே வைத்தான். "கதவத் தட்டாதவன் வந்திருந்தா?"

வெளியே மேட்டின் மேல் ஒரு லாரி போயிற்று, சத்தம் தேய்ந்து முடிகிற வரைக்கும் எல்லோரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம். போடில் முதலில் எழுந்தாள். தன் சின்னவனை வீட்டில் மூத்த பெண்ணிடம் விட்டுவிட்டு வந்தேனே என்று கோட்டைக்கூடப் போடாமல் ஓடினாள். பிறகு ஒவ்வொருத்தராகப் போனார்கள். பாதி குடித்த காபி மேசை நிறையக் கிடந்தது.

மறுநாள் வெயில் நன்றாக அடித்தது, காற்றே இல்லை. ஆனால் தீவில் ஒரு வாசலிலும் தள்ளுவண்டி இல்லை. வீட்டுக்குள் படுத்துப் பழகாத பிள்ளைகள் அல்லவா, போடிலின் சின்னவன் கத்துவது எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. ரிக்கெயும் மூச்சு அடைக்க வீறிட்டது. கதவையெல்லாம் தாழ் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் களைத்துப்போய்த் தூங்கிற்று. முன்பெல்லாம் அந்த அமைதிக்காகத்தான் காத்திருப்பேன், அந்த நேரத்தில்தான் என் வேலையெல்லாம் நடக்கும். அன்றைக்கு அழுகை நின்றதும் ஆடாமல் நின்ற அந்த வெறும் வண்டிதான் கண்ணுக்குள் வந்தது. குனிந்து மூக்கின் அருகே கை வைத்துப் பார்த்தேன். மூச்சு வந்துகொண்டிருந்தது. அப்படியும் மனசு ஆறவில்லை, தோளைப் பிடித்து உலுக்கி எழுப்பி அழ வைத்தேன்.